உதிர்ந்த இறகும் பறித்த இறகும்

நுழையும்முன்

இறகு, முட்டை, கூடு, எலும்பு எனப் பறவையிடமிருந்து கிடைக்கும் பொருள்களை மனிதர் உணவுக்கும் மருந்துக்கும் அணிக்கும் மட்டுமன்றி மந்திரத்திற்கும் பயன்படுத்தி வந்துள்ளனர். அப்பொருள்களுக்கு ஆற்றல் உண்டு என்னும் எண்ணம் எங்கிருந்து பிறந்தது? அவ்வெண்ணத்தால் பறவைக்கு நேர்வது என்ன? தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் ஓர் எல்லைப் பகுதியிலிருந்து இவ்வினாக்களை அணுகுகிறது இப்பாடம்.

நூலுக்குள் வளரும் குட்டி

மயிலிறகின் ஓர் இழையைப் பாடநூலின் தாள்களுக்கு இடையில் வைத்துப் பென்சில் சீவலை அதற்கு இரையாக இட்டு, வெளிச்சம் படாமல் காத்து வந்தால் அது குட்டி போடும் என்பது தமிழ்நாட்டுப் பள்ளிச் சிறுவரிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் நம்பிக்கை. இதைக் குழந்தை விளையாட்டு என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால், நாட்டார் மந்திரத்தின் இலக்கணம் ஏறத்தாழ முழுவதும் இவ்விளையாட்டுக்குள் அடங்கியிருக்கிறது. உடலை விட்டுப் பிரிந்த பின்னரும் இறகில் உயிர் தங்கியிருக்கிறது. அதற்கு இரை தேவை. அதைச் சார்ந்து ஒரு விலக்கு உண்டு. விலக்கை மீறினால் பலன் கிட்டாது. குட்டி பிறக்காதபோது, யாரோ நூலைத் திறந்து வெளிச்சம் காட்டிவிட்டார் என்று காரணம் சொல்வர். நம்பிக்கை தோற்பதில்லை, செய்முறைதான் தோற்கிறது. பெரியவர்கள் செய்யும் மந்திரங்களிலும் இந்தத் தற்காப்பு அப்படியே காணப்படும்.

மானிடவியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபிரேசர் 1890இல் வெளியிட்ட 'பொற்கிளை' என்னும் நூலில் உலகெங்கும் வழங்கும் மந்திரச் செயல்களை இரண்டு விதிகளுள் அடக்கிக் காட்டினார். ஒத்தது ஒத்ததை விளைவிக்கும் என்பது முதல் விதி. ஒருமுறை ஒட்டியிருந்தவை பிரிந்த பின்னும் ஒன்றையொன்று தாக்கும் என்பது இரண்டாம் விதி. இவற்றைத் தமிழ் நாட்டுப்புறவியலார் ஒத்த மந்திரம், தொத்து மந்திரம் எனக் குறிப்பர். பறவைப் பொருள்களைக் கொண்டு செய்யும் மந்திரங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒருங்கே செயற்படுகின்றன.

எல்லையில் மூன்று சொற்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூரை அடுத்த ஜூஜுவாடி, தமிழ்நாட்டின் வடமேற்கு வாயில். தேசிய நெடுஞ்சாலை 44இல் சோதனைச் சாவடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். சிப்காட் தொழிற்பேட்டையை நம்பிப் பல மாநிலத்தவர் குடியேறிய பகுதி இது. தொழிற்கூடங்களின் மதிற்சுவரைத் தாண்டிச் சற்றுத் தொலைவு சென்றால் கேழ்வரகுக் கொல்லைகளும் மலர்ப் பண்ணைகளும் உள்ளன. வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, ஆலையில் ஒரு மொழி எனப் பேசுவோர் இங்குப் பலர்.

பிறருக்குத் தீங்கு விளைவிக்கச் செய்யும் மந்திரத்தைத் தமிழர் செய்வினை என்பர். கன்னடர் மாட்ட என்பர். தெலுங்கர் சேதபடி என்பர். 'செய்' என்பது தமிழ்ச் சொல்லின் வேர். 'செய்' எனப் பொருள்படும் 'மாடு' என்பது கன்னடச் சொல்லின் வேர். செயல் எனப் பொருள்படும் 'சேத' என்பதிலிருந்து தெலுங்குச் சொல் பிறந்தது. மூன்று மொழியினரும் அச்சத்திற்குரிய ஒன்றைப் பெயரிட்டு அழைக்கத் தயங்கி, 'செய்தது' என்று மட்டும் சுட்டியிருக்கின்றனர். பறவைப் பெயர்களிலும் இவ்வுறவு தெரிகிறது. தமிழின் கூகை, கன்னடத்தில் கூபெ, தெலுங்கில் குட்லகூப. அப்பறவையின் குரலே பெயராயிற்று. தமிழின் செம்போத்து, கன்னடத்தில் கெம்பூத்த. நம்பிக்கைகளும் இச்சொற்களைப் போலவே எல்லையை மதிப்பதில்லை.

புள்ளும் நிமித்தமும்

பறவையைக் குறிக்கும் 'புள்' என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்கு நிமித்தம் என்றும் பொருள் உண்டு. பயணத்திற்கும் போருக்கும் முன்னர்ப் பறவையின் குரலையும் பறக்கும் திசையையும் நோக்கிப் பலன் அறிந்தனர் சங்ககால மக்கள். அங்குப் பறவை தன் போக்கில் பறந்தது, மனிதர் பார்த்திருந்தனர்.

சித்தர் மரபில் தோன்றிய பஞ்சபட்சி சாத்திரமும் பறவையைத் தொடுவதில்லை. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்னும் ஐந்து பறவைகளையும் ஊண், நடை, அரசு, துயில், சாவு என்னும் ஐந்து தொழில்களையும் பிறந்த நாளோடும் பொழுதோடும் பொருத்திக் கணக்கிடும் முறை அது. அக்கணக்கில் இடம்பெறுவது பறவையின் பெயர் மட்டுமே. ஆனால், மந்திர வழக்கில் உடற்பொருளாகப் பெரிதும் தேடப்படுபவையும் இவற்றுள் அடங்கிய ஆந்தையும் காகமும் கோழியும் மயிலுமே. ஏட்டில் குறியாக இருந்த பறவை, மந்திரவாதியின் கையில் பொருளாகிவிட்டது.

தென்னிந்திய மக்களின் இத்தகைய வழக்கங்களைத் திரட்டி நூலாக்கிய தொடக்ககாலத்தவருள் எட்கர் தர்ஸ்டன் ஒருவர். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய அவர், தென்னிந்தியாவின் நிமித்தங்களையும் மூடநம்பிக்கைகளையும் பற்றிய நூலை 1912இல் வெளியிட்டார். காலனிய அலுவலரின் பார்வையில் எழுந்த நூல் என்பதை மறவாமல் அதைப் படிக்க வேண்டும்.

பீலியின் பெருமை

பறவைப் பொருள்களுள் மயிற்பீலிக்கு நிகரான மதிப்பு வேறெதற்கும் இல்லை. போரில் இறந்த வீரனுக்கு எடுத்த நடுகல்லில் மயிற்பீலி சூட்டி வழிபட்டமையைச் சங்கப் பாடல்கள் தெரிவிக்கின்றன. பழைய தகடூர்ப் பகுதியாகிய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நடுகற்கள் மிகுந்தவை. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் அத்தகைய கற்களை இன்றும் காணலாம். கல் நிலைத்தது, சூட்டிய பீலி நிலைக்கவில்லை. பாட்டு இல்லையெனில் அக்கற்கள் பீலி அணிந்திருந்தன என்பதே தெரியாமல் போயிருக்கும்.

முருகனுக்கு எடுக்கும் காவடியில் பீலி ஆடுகிறது. நாகூர் முதலிய தர்காக்களில் பீலிக் கட்டால் தலையை வருடி வாழ்த்துகின்றனர். திகம்பர சமணத் துறவியர், அமரும் இடத்திலுள்ள சிற்றுயிர்களை நசுக்கிவிடாமல் விலக்குவதற்காகப் பீலிக் கற்றையைக் கையில் ஏந்துகின்றனர். மூன்று சமயங்களும் ஒரே இறகைத் தேர்ந்தெடுத்துள்ளன. ஊர்களில் மந்திரிப்பவர், பயந்து அழும் குழந்தையின் உச்சி முதல் பாதம் வரை பீலியால் தடவி இறக்குவார். மயில் பாம்பைக் கொல்லும் பறவை. ஆகவே அதன் இறகு நஞ்சையும் தீங்கையும் விரட்டும் என்பது இதன் உள்ளுறை. வீட்டில் மயிலிறகு வைத்தால் பல்லி வாராது என்பதும் இதே வழிவந்த எண்ணம். மயிலின் பகை, அதன் இறகிலும் தொடர்கிறது என்று கருதினர்.

அழும் குழந்தை இத்தடவலால் அமைதியடைவது உண்டு. மென்மையான தொடுதலும் தாயின் அருகிருப்பும் முணுமுணுக்கும் ஒரே சீரான குரலும் அச்சத்தைத் தணிக்கக் கூடியவை. அதைப் பழித்தல் வேண்டா. பாம்பு கடித்தவரை இவ்வாறு அமர்த்தி வைத்தல் வேறு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் முறிமருந்து உண்டு. அதை எவ்வளவு விரைவில் செலுத்துகின்றனர் என்பதே உயிரைக் காப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. பீலி எவருக்கும் தீங்கு செய்வதில்லை. பீலியோடு கழியும் நாழிகைதான் தீங்கு செய்கிறது.

தோகை என்று நாம் கூறுவது மயிலின் வால் அன்று. வாலின் மேல்பகுதியை மூடும் இறகுகளின் நீட்சி. ஆண்மயிலுக்கு 150க்குக் குறையாத எண்ணிக்கையில் அவை வளர்கின்றன. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் உதிர்ந்துவிடுகின்றன. அப்பளபளப்பு சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணிழைகளில் உள்ள கருநிறமிக் குச்சிகள் ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால், ஒளி அவற்றில் பட்டுச் சிதறி நீலமாகவும் பச்சையாகவும் பொன்னிறமாகவும் தோன்றுகிறது. 1665இல் இராபர்ட் ஹூக் நுண்ணோக்கியின் கீழ் மயிலிறகை வைத்து நோக்கியபோது, நீரில் நனைந்தால் அவ்வண்ணம் மறைவதைக் கண்டார். நியூட்டனும் தம் ஒளியியல் நூலில் மயிலிறகைக் குறிப்பிட்டுள்ளார். சித்த மருத்துவத்தில் மயிலிறகைச் சுட்டெடுத்த சாம்பல் விக்கலுக்கும் வாந்திக்கும் உரிய மருந்துகளில் சேர்கிறது. அச்சாம்பலில் மயிலின் நிறம் எதுவும் எஞ்சாது. அடுக்கு குலைந்தால் வண்ணமும் குலையும்.

செம்போத்தின் வேர்

கிளுவை வேலியிலும் புதர்களிலும் செங்கபில நிறச் சிறகோடு தத்தித் திரிவது செம்போத்து. குயிலினத்தைச் சேர்ந்ததாயினும் பிற பறவையின் கூட்டில் முட்டையிடாமல் தானே அடர்ந்த புதருக்குள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அக்கூடு எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. புலப்படாத இடத்தில் கதை வளர்கிறது.

செம்போத்துக் குஞ்சின் காலில் இரும்புச் சங்கிலி பூட்டினால், தாய்ப்பறவை எங்கோ சென்று ஒரு வேரைக் கொணர்ந்து சங்கிலியை அறுத்துவிடும் என்பது தமிழ்நாட்டின் ஊர்களில் பரவலாக வழங்கும் நம்பிக்கை. அக்கூட்டைக் கலைத்து ஆற்றில் விட்டால், மற்றக் குச்சிகள் நீரோடு போக, அந்த வேர் மட்டும் எதிர்த்துச் செல்லும் என்பர். அவ்வேரை உடையவருக்குப் பூட்டு இல்லை, நோய் இல்லை, வழக்கில் தோல்வி இல்லை.

இக்கதை தமிழருக்கு மட்டும் உரியதன்று. பொது ஆண்டு முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, மரங்கொத்தியின் பொந்தில் ஆப்பு அடித்தால் அது ஒரு மூலிகையைக் கொணர்ந்து ஆப்பைத் தெறிக்கச் செய்யும் என்னும் நம்பிக்கையைத் தம் 'இயற்கை வரலாறு' என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். செருமானிய நாட்டார் கதைகளிலும் பூட்டைத் திறக்கும் வேரை மரங்கொத்தியே கொண்டுவருகிறது. உரோமில் ஆப்பு, இங்குச் சங்கிலி. குஞ்சுக்காகத் தாய் எதையும் செய்யும் என்று மனிதர் எங்கும் நம்பினர். அந்த ஆற்றலைக் களவாடலாம் என்றும் எங்கும் நம்பினர். கதையைக் கேட்பவர் தாயின் பரிவை வியப்பர். வேரைத் தேடுபவரோ கூட்டைக் கலைப்பார். செம்போத்தின் இறைச்சி நுரையீரல் நோய்க்கு மருந்து என்ற எண்ணமும் அதற்குக் கேடாக முடிந்தது.

கூகைக்கு நேர்ந்தது

பகையை உண்டாக்க விரும்பும் மந்திரவாதி, காக்கை இறகையும் கூகை இறகையும் சேர்த்துக் கட்டுவது இந்திய மந்திர நூல்களில் காணப்படும் செய்முறை. மந்திரச் செயல்களை எட்டாகப் பகுக்கும் அட்டகர்ம மரபில் இது வித்வேஷணம் எனப்படும். அதன் ஏரணம் எளிது. பகலில் கூகையைக் கண்டால் காக்கைகள் கூடி விரட்டும். வள்ளுவர் காலமறிதலை விளக்க இக்காட்சியையே எடுத்துக்கொண்டார். பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதி முழுவதும் காக்கைக்கும் ஆந்தைக்கும் நடக்கும் போரைப் பற்றியது. புலவர் ஒருவர் இப்பகையிலிருந்து உவமை எடுத்தார். கதைஞர் ஒருவர் அரசியல் எடுத்தார். மந்திரவாதி இறகை எடுத்தார். முதல் இருவரின் செயலால் எந்தப் பறவையும் சாகவில்லை.

தமிழர் கூகையின் குரலைத் தீ நிமித்தமாகக் கருதி அஞ்சினர். வடநாட்டிலும் வங்கத்திலும் அது இலக்குமியின் ஊர்தி. ஊர்தியாக உயர்த்தப்பட்டதே அதற்கு இடராயிற்று. தீபாவளி நாளில் ஆந்தையைப் பலியிட்டால் செல்வம் வீட்டை விட்டு நீங்காது என்ற நம்பிக்கையால் அப்பருவத்தில் அதற்குத் தேவை கூடுகிறது. பறவையியல் அறிஞர் அப்ரார் அகமது நடத்திய ஆய்வின் அறிக்கையை டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010 நவம்பரில், தீபாவளியை ஒட்டி, வெளியிட்டது. இந்தியாவில் வாழ்வனவாக அது குறித்த 30 ஆந்தை இனங்களுள் 15 இனங்கள் வணிகத்தில் காணப்பட்டன. மண்டை ஓடு, இறகு, நகம், அலகு, கண், ஈரல், இதயம், குருதி, கொழுப்பு, எலும்பு, முட்டையோடு என அப்பறவையின் உடலில் விலை கூறப்படாத பகுதி இல்லை. ஆந்தையின் கண்ணீர்கூட அப்பட்டியலில் உண்டு.

ஆந்தையின் கண்ணை உண்டால் இரவில் கண் தெரியும் என்பது ஒத்த மந்திரத்தின் கொடிய எடுத்துக்காட்டு. ஆந்தையின் கண் குழல் வடிவினது, குழிக்குள் அசையாது. அதனால்தான் அது கழுத்தை 270 பாகை வரை திருப்புகிறது. கழுத்தில் 14 எலும்புகள் அதற்கு உதவுகின்றன. இரவில் பார்க்கும் திறன் அக்கண்ணின் அமைப்பிலும் மூளையோடு அதற்குள்ள தொடர்பிலும் இருக்கிறது. வயிற்றுக்குள் போன கண்ணில் செரிக்கத்தக்க சத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கொம்பன் ஆந்தை முதலியவற்றின் தலையில் நிமிர்ந்து நிற்கும் குஞ்சத்திற்கு மந்திர ஆற்றல் மிகுதி என்று கூறுவர். அக்'கொம்பு' கொம்பும் அன்று, செவியும் அன்று, வெறும் இறகு. செவித்துளைகள் தலையின் பக்கவாட்டில் இறகுக்குள் மறைந்துள்ளன.

தெரிந்து தெளிவோம்
ஆந்தை தன் இரையைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கி வாய்வழியே உமிழும். அது அமரும் மரத்தடியிலும் பாழடைந்த கட்டடங்களிலும் இவ்வுருண்டைகளைக் காணலாம். அவற்றுள் உள்ள மண்டை ஓடுகளையும் தாடைகளையும் பிரித்து நோக்கி, அப்பகுதியில் எவ்வகை எலிகள் உள்ளன என்பதை ஆய்வாளர் கணிக்கின்றனர்.

ஓசூர்ப் பகுதியின் கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் எலி பெரும்பகை. அதை இரவில் ஓசையின்றிப் பறந்து பிடிப்பது கூகை. சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற அமைப்பும் இறகின் மேல் மென்மயிரும் இருப்பதால் அதன் பறத்தலில் ஒலி எழுவதில்லை. அவ்வோசையின்மையே அதைப் பேயோடு இணைத்துப் பேசவும் இடம் தந்தது.

எல்லையும் சட்டமும்

கோயிலில் ஆட்டையும் கோழியையும் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாநிலத்தில் 1950இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் அது 2004இல் நீக்கப்பட்டது. கர்நாடகத்தில் விலங்குப் பலித் தடுப்புச் சட்டம் 1959இல் வந்தது. மனிதத்தன்மையற்ற தீய வழக்கங்களையும் சூனியத்தையும் தடுக்கும் தனிச் சட்டத்தை அம்மாநிலம் 2017இல் இயற்றி 2020இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஆக, கோழியைப் பற்றிய சட்டம் ஜூஜுவாடிச் சாவடியின் இருபுறமும் ஒன்றாக இல்லை.

மயிலுக்கும் ஆந்தைக்கும் அவ்வேறுபாடு கிடையாது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் உரியது. ஆந்தையைப் பிடித்தலும் விற்றலும் எங்கும் குற்றம். 1963இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. அதைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத்தண்டனை உண்டு. ஆயினும் மயிலின் தோகை இறகை உள்நாட்டில் விற்பதற்கு அச்சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. காவடிக்கும் விசிறிக்கும் துறவியின் கைக்கும் காட்டில் உதிர்ந்து கிடக்கும் இறகே போதும் என்பது இவ்விலக்கின் அடிப்படை.

ஆனால், விலக்கு ஒரு வாயிலையும் திறந்துவிடுகிறது. மயிலின் கொழுப்பில் எடுத்த எண்ணெய் மூட்டுவலிக்கு நல்லது என்று தேடுவோர் உள்ளனர். பயிரை அழிக்கிறது என்று நஞ்சிடுவோரும் உள்ளனர். அவ்வாறு இறந்த மயிலின் இறகும் உதிர்ந்த இறகோடு ஒரே கட்டில் சேர்ந்து சந்தைக்கு வரக்கூடும். வாங்குபவருக்கு இரண்டும் ஒரே அழகுதான்.

வேறுபாட்டை அறிய இறகின் கண்ணைப் பார்ப்பதில் பயனில்லை. அடியைப் பார்க்க வேண்டும். தானே உதிர்ந்த இறகின் தண்டு நுனி வெண்மையாக, உலர்ந்து, மூடியிருக்கும். பறித்த இறகின் நுனியில் குருதியோ சதையோ ஒட்டியிருக்கும். விற்போர் அந்நுனியை வெட்டிவிட்டால், ஐயம் அங்கிருந்தே தொடங்கலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் பறவைகளைச் சார்ந்து வழங்கும் நம்பிக்கைகளைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து, அவை ஒத்த மந்திரமா தொத்து மந்திரமா என வகைப்படுத்துக.

2. உங்கள் வகுப்பில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் மாணவர் இருப்பின், ஐந்து பறவைகளுக்கு அம்மொழிகளில் வழங்கும் பெயர்களைத் தமிழ்ப் பெயர்களோடு ஒப்பிட்டு அட்டவணை உருவாக்குக.

3. 'தோகை இறகு விற்பனைக்கு அளிக்கப்பட்ட விலக்கு தொடர வேண்டுமா?' என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.